கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள்கள்

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எரிச்சலில்தான் வந்தது. பெருமாட்டி என்ற ஊரில் தோப்பும் வயலும் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் நான். கண்டவர்களின் மலமூத்திரம் அள்ளவா படித்தாய் என்று கேட்டுவிட்டு அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அதையும் தாங்கிப் படிப்பை முடித்து, குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே டாக்டர் வேலையில் பாதி என் தலையில் விழுந்தது. பேர் மட்டும் அவருக்கு.

சனிக்கிழமை காலையில் டாக்டர் எஸ்டேட் ஜீப்பில் மலையிறங்கினால் திங்கட்கிழமைதான் வருவார். போகும்முன் ஏழெட்டு வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தருவார். வரும் நோயாளிக்குத் தக்கபடி டாக்டரின் உத்தரவை நானே எழுதி, நானே அதற்குக் கீழ்ப்படிய வேண்டும். எஸ்டேட்டில் யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை. நானும்தான்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. அனுபவச் சான்றிதழில் டாக்டரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவரோ இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்படியொரு சனிக்கிழமை, ஃபேக்டரியில் பகல் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது, கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் இல்லை. ஏலக்காய் லாரி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க அவள் கணவர் ரோட்டுக்கு ஓடினார்.

கையை உள்ளே விட்டு நஞ்சை எடுக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது டாக்டர் வேலை, நர்ஸ் தொடக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். டிராயரில் தாள்கள் இருந்தன. எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஊசி என்று எழுதினேன். குளுக்கோஸ் என்று எழுதினேன். கையால் எடு என்று எழுதத் துணிச்சல் வரவில்லை. எந்த டாக்டரும் நர்ஸுக்கு அப்படி உத்தரவு போடமாட்டார், நாளைக்குக் கேள்வி வந்தால் காலேஜ் சீட்டு போய்விடும் என்று யோசித்தேன். ஆமாம், அந்த நேரத்திலும் என் சீட்டைத்தான் நினைத்தேன்.

கணவர் லாரியோடு திரும்பியபோது சாயங்காலச் சங்கு ஊதியது. அவள் உயிர் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். அவர் ஊரில் இல்லாத நாளில் அவர் கையெழுத்து இருப்பது வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொல்லி அதைக் கிழித்துப் போட்டார். பதிவேட்டில் அவள் வந்த நேரத்தைச் சாயங்காலம் என்று மாற்றி, வீட்டார் தாமதமாகக் கொண்டுவந்ததால் மரணம் என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் என் சான்றிதழை எடுத்து வைத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். வெட்கம் அப்போது வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

காலேஜுக்குக் கிளம்பிய அன்று என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து ரோடு வரை கொண்டுவந்தவர் அந்தக் கணவர்தான். நான் கேட்கவில்லை, அவராக வந்தார். பஸ் தெரிந்ததும் பெட்டியை இறக்கி வைத்தார்.

"ஆபீஸ்ல பதிவேட்ட வாசிச்சுக் காட்டுனாக சிஸ்டர். மத்தியானச் சங்குக்கே கொண்டாந்துட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். சாயங்காலச் சங்காம்ல. அன்னைக்கு நான் நெதானத்துல இல்ல. நாந்தான் பிந்திட்டேன்."

பகல் சங்குதான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தது.