ரைஃபிளுக்கு மருந்து பார்த்தது

எழுபதுகளின் பின்பாதியில் பூம்பாறைக்குப் போகும் சாலையோரம் எங்களுக்கு நிலம் இருந்தது. படிப்படியாக இறங்கும் வயல்களில் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டிருந்தோம். மேல்மூலையில் வீடு. வீட்டில் ஒரு ரைஃபிள் இருந்தது. கொடைக்கானலில் பல காலம் இருந்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் என் கணவர் வாங்கியது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று முறைப்படி லைசென்ஸும் அனுமதியும் வாங்கியிருந்தார்.

நடுவில் மடக்கி ஒற்றைத் தோட்டா போடும் பழைய ரைஃபிள் அது. அதற்கான தோட்டா அப்போதே எந்தக் கடையிலும் கிடைக்காது. வெள்ளைக்காரர் தாமே செய்துகொண்டவர். சுட்டு முடிந்த பித்தளைக் குப்பியில் மறுபடி வெடிமருந்தை நிரப்பி, முனையில் ஈயக் குண்டை வைத்து அழுத்த ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தார். அதையும், ஒரு கூடை குப்பிகளையும், லேபிள் உரிந்துபோன ஒரு டின் மருந்தையும், நிரப்பி வைத்த சில தோட்டாக்களையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார். இயந்திரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் திருகாணி போட்டு உட்கார்ந்துகொண்டது. நாங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

நிரப்பி வைத்திருந்த தோட்டாக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. அதற்குப் பிறகு அந்த ரைஃபிள் நாலைந்து மாதம் சும்மா சுவரில் தொங்கியது.

எங்களிடம் வேலை செய்தவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். என் கணவரைத் தொரை என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலை கிழங்கு வயலில் பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. ஜீப்பில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு தப்பியது, தையல் போட்டார்கள். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் லேபிள் இல்லாத டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தராசை எடு," என்றார்.

மருந்தை நிறுக்கும் வேலை என்னுடையது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். என் பிறந்த வீட்டில் மதுரையில் நகைக்கடை. சின்னத் தராசில் கை நடுங்காமல் நிறுக்க எனக்கு வரும். ஆனால் டின்னின் மூடியைத் திறந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. புளித்த நெடி அடித்தது. மணிகளுக்கு இடையே செம்பழுப்பாகத் தூள் தெரிந்தது.

"இது என்ன மருந்துங்க?"

"வெள்ளக்காரர் குடுத்ததுதானே. அவர் சுட்ட துப்பாக்கிதானே."

"அவர் இதைத்தான் போட்டாருன்னு யாருக்குத் தெரியும்? தங்கமாவே இருந்தாலும் ஒரசிப் பாத்துட்டுத்தான் எடை போடுவாங்க. இதை எதுல ஒரசிப் பாக்கிறது? நான் தராசைத் தொட மாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. அடிபட்டுக் கிடப்பவனை நினைத்துப் பார் என்றார். நான் அவனையும் நினைக்கிறேன், துப்பாக்கி வெடித்தால் போகும் உங்கள் கண்ணையும் நினைக்கிறேன் என்றேன். அன்று டின் மூடப்பட்டது.

மறுநாள் கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் வந்தார். அவரிடம் சின்னச் சின்ன ரவைகளைச் சிதறவிடும் ரவைத் துப்பாக்கி ஒன்று உண்டு. அதற்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வார். நல்ல மனிதர், உதவி என்றால் கடையை அப்படியே விட்டுவிட்டு வருவார். ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"என் மருந்தப் போடுங்க அண்ணே. பொகையே வராது. சுத்தமா எரியும். மருந்துன்னா எல்லாம் மருந்துதானே, வெரசா வேலையப் பாப்போம்."

என் கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். புகையில்லாத மருந்து என்பதற்கு அவரிடம் தனி மதிப்பு இருந்தது. இன்னொரு வழியும் இருந்தது: கருமருந்து, புகை கக்கும் அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து. ஆனால் அது திருவிழாவில் வேட்டுப் போடுகிற சரக்கு, ரைஃபிளுக்கு அதைப் போடுவது கேவலம் என்று சொல்லுவார்.

"தங்கச்சி என்ன சொல்லுது?" என்று பாய் கேட்டார்.

"மதுரையில துப்பாக்கிக் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்டக் காட்டிட்டு எதையும் போடட்டும்," என்றேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான்" என்று பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து இருவரும் ரைஃபிளோடு மதுரைக்குப் போனோம். லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ரைஃபிளைத் துணிமேல் கிடத்தினார். குழலின் அடியில் பொறித்திருந்த முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துத் துப்பாக்கின்னு தெரியுமா சார்? இதைச் செஞ்சப்ப பொகையில்லாத மருந்துங்கிறதே பழக்கத்துல இல்ல. குழலக் கருமருந்துக்குன்னு சோதிச்சு முத்திரை போட்டிருக்கான்."

"அப்ப ரவைத் துப்பாக்கி மருந்து?"

"அது படக்குன்னு எரியும். இந்தக் குழலு அந்த வேகத்தத் தாங்காது. பொளந்துரும்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டின்னின் நெடியைப் பற்றி நான் சொன்னேன். அது கெட்டுப்போன மருந்து, வீட்டுக்குள் வைக்காதீர்கள், வெட்டவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கொளுத்திவிடுங்கள் என்றார். கருமருந்திலும் இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று கசகசா மாதிரி நைசு. மற்றது உடைத்த மிளகு மாதிரி. நைசு வேகமாக எரியும், உங்கள் பெரிய குழலுக்குப் பருமணிதான் தோது என்றார். "கல் குவாரியில கெடைக்குதுன்னு அங்க போய் வாங்கிராதீங்க, அது வேற" என்றும் சொன்னார்.

பருமணியைச் சட்டப்படி வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அவர் சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். வத்தலக்குண்டு தாண்டியதும், "வேட்டு மருந்து" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்த வாரம் நான் நிறுத்துக் கொடுக்க, அவர் நிரப்பி அழுத்தினார். முதல் தோட்டாவைக் கையில் பிடித்துச் சுடவில்லை. ஜீப்பின் பழைய டயரில் ரைஃபிளைக் கட்டி, விசையில் கயிறு கோத்து, பாறைக்குப் பின்னால் நின்று இழுத்தார். பள்ளத்தாக்கு முழுக்க முழங்கியது. ஒரு பந்தல் அளவுக்கு வெள்ளைப் புகை எழுந்து அப்படியே நின்றது. துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பன்றி வந்தது ஒரு விடியற்காலை. மூட்டம் கலையவில்லை, காற்றும் இல்லை. தொடையில் தையல் பிரித்து நொண்டி நடந்துகொண்டிருந்த எங்கள் ஆள் மேல்வயலைத் தாங்கும் கல்சுவரான கல்கட்டின்மீது நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். என் கணவர் அதற்குக் கீழ்ப்படியில், வரப்பில் முழங்கால் ஊன்றி இருந்தார். சுட்டார். அவ்வளவுதான், அவர் இருந்த இடமே எனக்குத் தெரியவில்லை. புகையும் பனியும் ஒன்றாகிவிட்டன. உள்ளே மண் சிதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"தொரை! பண்டி ஒங்க பக்கந்தான் வருது! செவுத்துல ஏறுங்க, ஏறுங்க!"

அந்தப் புகைக்குள் தமக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். பின்னால் கையை நீட்டிக் கல்கட்டைத் தடவி, ரைஃபிளைக் கீழே விட்டுவிட்டு, தொற்றி ஏறியிருக்கிறார். அவர் கால் இருந்த இடத்தை உரசிக்கொண்டு பன்றி ஓடியது. புகை மெல்லக் கலைந்தபோது மேல்வயலில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்திருந்தார். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை.

பன்றி ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் வந்து பார்த்து, முன்னால் நின்று புதைக்க வைத்தார்கள். கறி இல்லையா என்று எங்கள் ஆளின் மனைவி இரண்டு முறை கேட்டார்.

என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டது காபி இல்லை. "வெந்நி போடு, குழலக் கழுவணும்" என்றார். கருமருந்து சுட்டால் உடனே கழுவியாக வேண்டும், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும். குளிக்கிற அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அழுகிய முட்டை நாற்றம் வீடெங்கும் அடித்தது. குழலுக்குள் விட்டுத் துடைக்கக் குச்சியில் துணி சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு முறை சுட்டார். எப்போதும் கல்கட்டின் மேலே நின்றுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தலுக்காக எல்லோரையும்போல அவரும் ரைஃபிளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது.

"போகலையா?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும். அடுத்த போகம் கிழங்கு போட வேண்டாம்னு இருக்கேன். பேரிக்காய் வச்சிரலாம், பன்னி தோண்ட அதுல கிழங்கா இருக்கு," என்றார்.

அந்த மழைக்கே கன்றுகள் வாங்கி நட்டோம்.