ஒரு தையலுக்கு என்ன நம்பர்

எங்க மார்க்கையன்கோட்டையில யுவராணி மாதிரி பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்ல. ஆறு வருசம் நூல் மில்லுல வேலை. அதை உதறிட்டு, பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒண்ணு வாங்கி ஜாக்கெட்டுல பூ போட ஆரம்பிச்சா. நல்லாத்தான் ஓடுச்சு. போன மாசம் கம்பெனிக்காரக ஒரே போடாப் போட்டாக: மாடல் பழசாம், டிசைன் அனுப்புற சாப்ட்வேருக்கு லைசன்ஸ் வர்ற ஞாயித்துக்கிழமையோட சரியாம், புது மிஷின் வாங்கிக்கிறணுமாம்.

புதுசுக்கு எங்க போக? திங்கக்கிழமை அவ திரும்ப மில்லு வேன்ல ஏறணும்னு வீட்டுல முடிவே பண்ணிட்டாக.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிற எங்கிட்ட வந்து நின்னா. நான் விண்டோஸுக்குப் பதிலா, சும்மா கிடைக்கிற லினக்ஸ்ல காலந்தள்ளுறவன். கம்ப்யூட்டர் சொல்றதை மிஷினுக்குப் புரியவைக்க டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும். இந்த மிஷினுக்கு லினக்ஸ்ல அது கிடையாது. நானே எழுதலாம்னா மிஷினோட பாஷை தெரியணும். கம்பெனிக்கு மூணு மெயில் போட்டேன். ரகசியமாம். பெரிய அணுகுண்டு ரகசியம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முடியாது தாயின்னுட்டேன்.

அவ அசரல. "எபனேசரண்ணே, அளவு ஜாக்கெட் குடுக்குறவக அதை வெட்டுன டெய்லரையுமா கூட்டிட்டு வாராக? தச்சதைப் பார்த்துத்தான நாங்க தைக்கிறோம்?"

இருபது வருசம் கம்ப்யூட்டரைக் கட்டி அழுத எனக்கு இது தோணல பாருங்க. சனிக்கிழமை காலையிலயே அவ வீட்டுல போய் உக்காந்தேன். பழைய சாப்ட்வேர்ல ஒரே ஒரு தையல் போடச் சொல்லி, வயர்ல போற நம்பரை என் லேப்டாப்புல பிடிச்சேன். அப்புறம் ரெண்டு தையல், வலப்பக்கம், இடப்பக்கம், நூல் மாத்துறது. எந்த நம்பர் மாறுதுன்னு நான் பார்க்க, ஊசி எங்க இறங்குச்சுன்னு அவ அளந்து சொன்னா. ஊசி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா நம்பர் பத்து கூடுதுங்கிற கணக்கைக் கண்டுபிடிச்சதே அவதான். நான் அதுவரைக்கும் தப்புத்தப்பா வகுத்துக்கிட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் டிரைவர் போட்ட முதல் மயிலு தலைகீழா நின்னுச்சு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு மைனஸ் குறியை மாத்துனேன், நேரா நின்னுருச்சு. சொல்றதுக்கென்ன, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கே அந்த டிரைவரை யாரு வேணாலும் எடுத்துக்கிறட்டும்னு இன்டர்நெட்டுல போட்டேன். எழுதுனவக பேருல அவ பேருதான் முதல்ல.

திங்கக்கிழமை மில்லு வேன் வந்து ஹாரன் அடிச்சுச்சு. யுவராணி மயில் போட்ட துணியோட வெளிய வந்து, இனிமே வரலைன்னு சொன்னா. வேன்காரரு வண்டியைக் கிளப்பப் பார்த்தாரு. உள்ள இருந்த பொம்பளைக விடணுமே! துணி ஜன்னலுக்கு ஜன்னல் கைமாறுச்சு. ஏழு பேரு ஜாக்கெட்டுக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வேன் நகரல.