முந்திரிக்கொத்து டின்னில் வெடித்த நட்சத்திரம்

நட்சத்திரம் வெடிச்சா கெளம்பி வர்ற காஸ்மிக் கதிர் பிடிக்க வீட்டு கம்ப்யூட்டர் போதும், மக்கா. பழைய வெப்கேமராவ, முந்திரிக்கொத்து பலகாரம் இருந்த காலி டின்னுக்குள்ள வச்சு, வெளிச்சம் புகாம கறுப்பு டேப் சுத்திரணும். கதிர் தகரத்தையும் துளைச்சிட்டு வந்து, கறுப்புத் திரையில வெள்ளைப் புள்ளியா விழும்.

நாலு நாளா ஒண்ணு ரெண்டுதான் விழுந்துச்சு. இன்னைக்கு மத்தியானம் கோட்டாறு கடையில இருந்து வீட்டு கம்ப்யூட்டர போன்ல பாக்கேன், திரை முழுக்க வெள்ளை!

"எங்கயோ நட்சத்திரம் வெடிச்சிருக்கு"ன்னு வானியல் குரூப்ல போட்டுட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அங்க புதுக்கடை ஊர்ல இருந்து வந்த மாமா, கையில டின்னு மூடியோட நிக்காரு.

"ஏலே, இவ்வளவு டேப் சுத்தி ஒளிச்சு வச்சிருக்கியே, உள்ள ஒரு கொத்து கூட இல்லியே?"

"மாமா, உங்களுக்கு சுகர் இருக்கே!"

அவரு குரல் இறங்கிருச்சு. "அத்தைட்ட சொல்லிராத மக்கா."

சொல்லல. அத்தை பேஸ்புக்ல இல்லங்கிற தைரியத்துல இங்க எழுதுகேன்.

குரூப்ல இதுக்குள்ள வாழ்த்து குவியுது. ஒருத்தர், "வெடிச்ச இடம் எவ்வளவு தூரம் இருக்கும்?"னு கேக்காரு.

புதுக்கடைன்னு போட்டிரட்டா?