ஆற்றங்கரை ஹோட்டலுக்குப் போன ரைஸ் குக்கர்

பிரான்சில், லாச்சப்பலில் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருக்கிறது. வெள்ளை நிறம் மங்கி, ஒரு பக்கக் கைப்பிடி இளகிவிட்டது. சோறு வெந்ததும் 'டக்' என்று அதன் பொத்தான் மேலே எழும்பும். என் கணவர் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் உடனே "ஆச்சு" என்று குரல் கொடுப்பார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் இறந்த பிறகும் குக்கர் மட்டும் தன் கடமையில் தவறவில்லை.

அவர் ஓர் உணவகத்தில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். நான் விடியமுன்னமே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போவேன். நான் வீடு திரும்பும்போது அவர் வேலைக்குப் போகச் சப்பாத்தில் காலை நுழைத்துக்கொண்டிருப்பார். ஒரே கட்டிலில் படுத்தோம் என்பதற்கு மகள் சாட்சி. ஒரே மேசையில் சாப்பிட்டோம் என்பதற்கு ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மனுசன் குசினியில் நின்றபடியே சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. ஒரே ஒரு தடவை அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

மகள் வேலைக்குச் சேர்ந்ததும் எங்கள் கலியாண நாளுக்கென்று நோர்மண்டிப் பக்கம் ஓர் ஆற்றங்கரை ஹோட்டலில் அறை எடுத்துத் தந்தாள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற பழைய ஹோட்டல். வரவேற்பு மேசையில் தாய், அடுப்படியில் மகன், பரிமாற மருமகள். "புதுசாக் கட்டின ஆக்கள் மாதிரிப் போட்டு வாங்கோ" என்று மகள் கண்ணடித்தாள். புது மாப்பிள்ளை பெட்டி அடுக்கினார். சட்டைகளுக்கு நடுவே குக்கர், ஒரு பை அரிசி, ஒரு போத்தல் சம்பல். "பிரெஞ்சுக்காரன்ரை சாப்பாட்டை நம்பிப் போகேலாது" என்றார்.

அறையில் பூப்போட்ட சுவர்த்தாளும் ஆற்றைப் பார்த்த யன்னலும் இருந்தன. நான் யன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்து முடிக்கவில்லை, அவர் குக்கரைச் செருகிவிட்டார். மாடி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. வரவேற்பு மேசையில் இருந்த மதாம் படியேறி வந்தார். டிக்கெட் இல்லாமல் மெத்ரோவில் பிடிபட்டவர் போல இவர் நின்றார். மதாம் குக்கரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பழைய வீடு, முசியே. என்னைப் போலத்தான், பாரம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, குக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

அன்று மாலை குசினிக் கதவோரத்து மேசையில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில், பீங்கான் பாத்திரத்தில் எங்கள் சோறு வந்தது. ஒரு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று குசினிக்குள் போனவர் போனவர்தான். எழுந்து எட்டிப் பார்த்தேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கை வரை நுரையில் நின்றார். "கழுவுறவர் இண்டைக்கு வரேல்லையாம். பாவங்கள், தனிய நிண்டு அந்தரப்படுகினம்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். கண்ணீர் முட்டியது. என்னவென்று கேட்ட மருமகளிடம் சம்பல் உறைப்பு என்று சொன்னேன்.

அறைக்கு வந்ததும் கேட்டேன்: "என்னோடை இருக்கிறதிலும் பார்க்க உங்களுக்குக் கோப்பையளோடை இருக்கிறதுதான் விருப்பம், என்ன?" அவர் கட்டில் நுனியில் உட்கார்ந்து, சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்: "மற்றவை வேலை செய்ய, நான் இருந்து சாப்பிட எனக்குத் தெரியேல்லையப்பா."

மறுநாள் அவர் உட்கார்ந்தார். உள்ளே கோப்பை உரசினால் தலை திரும்பும்; ஆனால் கதிரையை விட்டு அசையவில்லை. மீனில் முள்ளெடுத்து என் கோப்பையில் வைத்தார். பிரான்சுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்ததை அன்றுதான் சொன்னார். இத்தனை காலமாக அந்தக் கதையை எங்கே வைத்திருந்தாரோ. நடுவில் குசினியிலிருந்து 'டக்' என்று கேட்டது. பழக்கதோசத்தில் "ஆச்சு!" என்று உரக்கச் சொன்னார். சுற்றியிருந்த பிரெஞ்சுக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. "நல்லாத்தான் இருக்கு. வாற வருசமும் வருவம்" என்றார். அடுத்த வருடம் அந்த நாளில் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

இந்த இலையுதிர் காலத்தில் மகள் விடவில்லை. "மமான், தனியவெண்டாலும் போங்கோ" என்று அதே அறையை எடுத்துத் தந்தாள். நானும் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். மதாமுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் கூனிவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கண்கள் எனக்குப் பின்னால் தேடின. "முசியே?"

"பின்னால் வருகிறார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் ஒருவருக்கு மட்டும் மேசை போடுவார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

குக்கரைக் குசினியில் கொடுத்துவிட்டு வந்தபோது, அதே கதவோரத்து மேசையில் இரண்டு பேருக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். மீன் வந்தது. முள்ளெடுக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. மருமகள் இரண்டு தடவை வாசலைப் பார்த்தாள். மதாம் மேசையருகே வந்தார், என் முகத்தைப் பார்த்தார். எதிரே இருந்த கோப்பையை எடுக்காமலே போனார்.

உள்ளே 'டக்' என்று கேட்டது. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஒருவரும் "ஆச்சு" என்று சொல்லவில்லை. சற்று நேரத்தில் சோறு வந்தது. இரண்டு பேருக்குப் போதும்.