குதிரைக்குப் போடாத கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் இரண்டு நாளில் தணிந்துவிடும். வீட்டில் கேட்டால் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அது வேறு கதை. ஆனால் இந்த முறை வந்த கோபம் இறங்குவதாகவே இல்லை. உங்களிடம் கொட்டினாலாவது தீருகிறதா பார்ப்போம்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய கோலியர்ஸ் வுட்டில், பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலில் ஹில்டா என்றொரு ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த நம்மவர்களை டாக்டரிடம் பதிவுசெய்வது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது — எல்லாம் அவர்தான். அதனால் அவர் எதை நீட்டினாலும் நம்மவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். வாசிப்பதில்லை. 'தேங்க் யூ' வேறு!

அன்று பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பெட்டிஷனை நீட்டினார். அமெரிக்காவில் ஒரு பழங்குடி மக்களின் நிலத்தில் காட்டுக் குதிரைகள் பெருகிவிட்டனவாம். புல் போய்விட்டது, தண்ணீர் போய்விட்டது, ஆடுமாடுகள் பட்டினி. சில குதிரைகளை வேட்டையாடலாம் என்று அந்த மக்களே கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். அரசு தலையிட்டு அவர்களைத் தடுக்கவேண்டும் — இதுதான் ஹில்டாவின் கோரிக்கை.

வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சவிரி அண்ணையின் முறை வந்தது.

சவிரி அண்ணைக்கு ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் தீவு. காட்டுக் குதிரைகள் இன்றும் கூட்டமாகத் திரியும் இடம். மனைவி இன்னும் அங்கேதான். ஊரில் சண்டை; கடைசியாகக் கடிதம் வந்தது போன வருடம். அவரை இங்கே கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்... பதிலே இல்லை. எம்.பி.யிடம் தானே கூட்டிப்போவதாக ஹில்டா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் இந்தக் குளிர்காலத்தைக் கடத்தினார்.

"தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"அந்தச் சனத்திட்ட ஆரும் கேட்டவையோ?"

ஹில்டாவிடம் கேட்டேன். "அவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது? கொல்பவர்களே அவர்கள்தானே!" என்றார்.

அண்ணை பேனையைக் கீழே வைத்தார்.

"நான் குதிரையைக் கொல்லமாட்டன், தம்பி. மழை இல்லாட்டி அதுகள் கேணியடியில விழுந்து சாகும். தண்ணி அள்ளி வைச்சது நாங்கள். கல்வேலியை உடைச்சு உள்ளுக்க வந்தால் கலைச்சதும் நாங்கள்தான். எங்கட இடத்தில என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியும். அந்தச் சனத்துக்கும் தெரியும்தானே? என்னால ஏலாது எண்டு சொல்லும்."

சொன்னேன். ஹில்டாவின் முகம் சுருங்கிவிட்டது. "குதிரைத் தீவுக்காரருக்கு இரக்கம் இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். சரி, எம்.பி.யைப் பார்க்கிற விஷயம்? ஹில்டா இப்போது கொஞ்சம் பிஸியாம்.

அதுகூடப் பரவாயில்லை. நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள்! "ஒரு கையெழுத்துத்தானே அண்ணை, வாயை மூடிக்கொண்டு போட்டிருக்கலாமே? உங்கட மனிசியை விடக் குதிரையோ பெரிசு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கோ இருந்துகொண்டு நம் நிலத்தைப் பற்றி மற்றவர்கள் தீர்மானித்ததால்தானே இங்கே வந்து குளிரில் நடுங்குகிறோம்? அதே வேலையை, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, முகம் தெரியாத இன்னொரு சனத்துக்கு நாம் செய்யலாமா? வெட்கமாக இல்லையா?

மறுநாள் எம்.பி.யின் ஆபீசுக்கு நானே போன் எடுத்தேன். பேசிய பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — விலாசம். "எங்கள் தொகுதிதானே? வெள்ளிக்கிழமை வந்து வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்." அவ்வளவுதான்! யாரும் கூட்டிப்போகத் தேவையில்லை. யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை.

ஊரில் எம்.பி.யைப் பார்க்க ஓர் ஆளைப் பிடிக்கவேண்டும். அந்த ஆளைப் பிடிக்க இன்னோர் ஆள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். ஹில்டா பொய் சொல்லவில்லை. தானாகப் போகலாமா என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனை மாதங்கள் வீணாய்ப் போயின!

வெள்ளிக்கிழமை அண்ணையோடு போனேன். எம்.பி. எழுந்து கை கொடுத்தார். அண்ணையின் விண்ணப்பத் தாள்களைப் புரட்டினார். தீவின் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. டிவியில் பார்த்திருக்கிறாராம். "காட்டுக் குதிரைகள் உள்ள தீவல்லவா! சண்டையில் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"குதிரையளுக்கு ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லும். என்ர மனிசி உயிரோட இருக்கிறாவோ எண்டு கேக்கச் சொல்லும்."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். 'ப்ளீஸ்' மட்டும் சேர்க்கவில்லை.