குளவிக்கு எந்த ஊர்?

இன்று இன்பாக்ஸில் ஒரு பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் பூச்சிகளை ஆராய்கிறவள்.

"சேர், நீங்கள் தொண்ணூறாம் ஆண்டு குடுத்த குளவி ஒண்டு எங்கடை அலுமாரியிலை இருக்கு. யாழ்ப்பாணத்திலை அந்த இனத்துக்கு அது ஒண்டுதான் பதிவு. ஆனால் லேபிளிலை தெல்லிப்பழை, கோப்பாய் எண்டு ரெண்டு ஊர் கிடக்கு. எதைப் போடுறது?"

படத்தில் இருந்தது என் கையெழுத்துத்தான்.

தெல்லிப்பழையில், எங்கள் வீட்டு முருங்கையில் எடுத்த மயிர்க்கொட்டிப் புழுவை ஜாம் போத்தலில் வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமைதான் ஷெல் விழத் தொடங்கியது. அண்ணை சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

"உந்தப் போத்தலை எறிஞ்சுபோட்டு வாடா!"

நான் எறியவில்லை.

கோப்பாயில், தெரிந்தவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் நாங்கள் தங்கியிருந்த ஒன்பதாம் நாள், மயிர்க்கொட்டி வெறுங்கோதாகக் காய்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து வந்த குளவி மூடியில் முட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு உடனே எழுதினேன்: "தெல்லிப்பழை எண்டு போடுங்கோ. தாய்க்குளவி மயிர்க்கொட்டிக்குள்ளை முட்டையிட்டது அங்கைதான். கோப்பாயிலை வெளியிலை வந்தது மட்டும்தான்."

"ஓம் சேர், விளங்குது."

குளவியின் ஊரை முடிவுசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் வங்கியில் தந்த படிவம் மேசையில் இன்னும் கிடக்கிறது. 'நிரந்தர முகவரி' என்று கேட்கிற கட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கோப்பாய் என்றுதான் எழுதி வருகிறேன். இன்று மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நீங்களெல்லாம் அதில் எந்த ஊரை எழுதுகிறீர்கள்?