அம்மா உட்கார மறுக்கும் நாற்காலி

அம்மாவை மறுபடி அவருடைய நாற்காலியில் உட்கார வைப்பது எப்படி? எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, நினைவும் தவறுகிறது. இருட்டு மூலையில் கிடக்கும் நாற்காலி பளிச்சென்று தெரியட்டும் என்று ராஜபாளையத்தில் அதில் ஒட்டப் போலித் தங்க ரேக்குத் தாள் வாங்கினேன். எதற்கென்று சொன்னதும் கடைக்காரர், "ஆச்சிக்குப் பட்டாபிஷேகமாக்கா?" என்று சிரித்தார்.

இன்று ஒட்டி முடித்தேன். அம்மா தடவிப் பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உக்காரும்மா."

"ஏட்டி கூறுகெட்டவளே, சாமி உக்கார்ற எடத்துல என்னைய உக்காரச் சொல்லுதியே!"

"இது உன் நாற்காலிம்மா."

"எம்புட்டுப் படிச்சு என்ன?" என்று சொல்லிவிட்டு, மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்தார்.

கோயிலுக்கே போகாத நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு சன்னதி திறந்திருக்கிறேன். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: உங்களில் பலர் சொன்னபடி, தங்கம் தெரியாமல் நாற்காலியைப் போர்வையால் மூடினேன்.

அம்மா குரலைத் தாழ்த்தி, "திரை போட்டுட்டாக. நட தொறக்கட்டும், கும்பிட்டுட்டுப் போவோம்" என்றார்.

தரையில்தான் காத்திருக்கிறார்.